ஒன்பதாவது வளைவின் ஊதாப்பூ

கணவாய்ச் சாலையின் ஓரப்புல்லை வெட்டும் நாலு பேரில் அவர்தான் மூத்தவர். அடிவாரத்திலிருந்து உச்சிவரை இருபத்திரண்டு வளைவுகள். இருபத்தொன்றை இயந்திரம் மழுங்க வழித்துவிடும். ஒன்பதாவதில் மட்டும் பள்ளத்துப் பக்கம் நெஞ்சளவுக்கு ஊதாப்பூச் செடிகள் நிற்கும். அதில் யாரையும் கைவைக்க விடமாட்டார். "விதை விழட்டும், அப்புறம் வெட்டலாம்" என்று வருஷா வருஷம் அதே சாக்கு.

உண்மை வேறு. அந்தப் பூவுக்காகவே அவர் மனைவி பஸ்ஸில் பள்ளத்துப் பக்க ஜன்னலோரம் இடம் பிடிப்பாள். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். இருந்தவரை அவள் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷன், போன பிறகு கேட்டார். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான்.

அந்த வருஷம் மகளுக்கு அதே தடத்தில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது பொரிந்து தள்ளினாள்.

"ஒன்பதாவது வளைவுல எதிர்ல வர்றதே தெரியலப்பா. இன்னைக்கு ஒருத்தன் பைக்கோட திடீர்னு முளைக்கிறான். மயிரிழையில தப்பிச்சான். உங்க ஆளுங்கள்ல எவனோ சோம்பேறி வெட்டாம விட்டிருக்கான்."

"பூ நல்லாருக்குமே..." என்று இழுத்தார்.

"பூ நல்லாத்தான் இருக்கு. பைக்குல வந்தவனும் நல்லாத்தான் இருந்தான்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். ஆறு வருஷமாக எத்தனை பேர் அங்கே தப்பித்தார்களோ, யார் கண்டது? வெட்கமாக இருந்தது. நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் முதல் பஸ் ஏறுவதற்கு முன்பே அரிவாளோடு போய்விட்டார். இயந்திரம் விட்டால் விதை தூளாகிவிடும். கையாலேயே ஒவ்வொரு செடியாக அறுத்தார். காய்கள் முற்றத் தொடங்கியிருந்தன. எதிரே மேட்டுச் சரிவில் மண்ணைக் கொத்திக் கிளறி, செடிகளை அங்கே பரப்பினார். அந்தப் பக்கம் முளைத்தால் யார் கண்ணையும் மறைக்காது. ஆனால் அவள் ஜன்னலிலிருந்து தெரியாதே! அதை நினைத்து, யாருமில்லாத ரோட்டில் நின்று கொஞ்சம் அழுதார்.

அடுத்த வருஷம் அவர் மேட்டோரம் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது பஸ் வேகம் குறைத்து அருகில் வந்தது. ஓட்டுநர் ஜன்னலுக்கு நேரே சரிவெல்லாம் ஊதா. மகள் அதையும், அதைச் சுற்றி வளைத்துப் புல்லை மட்டும் வெட்டியிருந்த விதத்தையும், அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவனோ சோம்பேறி இந்தப் பக்கமும் வெட்டாம விட்டிருக்கான்," என்றாள். "அவனை அப்படியே விட்டுடச் சொல்லுங்கப்பா."