கதைக்கு வேண்டாதவர்கள்

சும்மார் மாஷ் பத்திரிகையின் சினிமா விமர்சனத்தில் வேண்டாம் என்று எழுதிய கதாபாத்திரங்களில் முதலாவதாக அவர் வீடு தேடி வந்தவர், ஒரு கதாநாயகனின் தாய்மாமன். 1979 ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு, கொட்டும் மழையில், திருச்சூர் கிழக்கேகோட்டை வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஒரு சொட்டும் நனையவில்லை. படத்தில் அவர் வருகிற இடம் கோடைக்காலம். மாஷின் மனைவி குஞ்ஞேலி புட்டும் கடலையும் வைத்தாள், சாப்பிட்டார். அன்று பத்மவிலாஸ் டாக்கீஸில் அவர் இல்லாமலே படம் ஓடியது. ஒருவரும் கவனிக்கவில்லை.

மாஷ் வெள்ளிக்கிழமை மேட்டினி பார்த்துவிட்டு மாலையிலேயே விமர்சனத்தை எழுதிக் கொடுத்துவிடுவார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘கதைக்கு வேண்டாதவர்கள்’ என்று போட்டு ஒரு பட்டியல். எட்டு வருடத்தில் அப்படி வந்தவர்களில் இருபத்துமூன்று பேர் தங்கியேவிட்டார்கள். அவர்களில் எல்லாம் முடிந்த பிறகே வந்து சேருகிற இன்ஸ்பெக்டர் ஒருவர், சாப்பாட்டுக்கும் பாத்திரம் கழுவிய பிறகுதான் வருவார்.

“ஏ மனுசா, அந்தப் பேனாவ மூடி வையும். பொங்கிப் போடறது நான்தானே!” என்பாள் குஞ்ஞேலி. மாஷ் மூடவில்லை. பொய் எழுதினால் கை விளங்காமல் போகும் என்று நம்புகிற பிடிவாதக்காரர்.

அடுத்த வீட்டு வேலுக்குட்டி முப்பது வருடம் நாடகத்தில் வாயிற்காவலனாகவே நின்றவர். ஐம்பத்தெட்டாவது வயதில் அவருக்கு ஒரு சினிமாவில் வேஷம் கிடைத்தது: கதாநாயகனுக்குச் சாயா கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான், நாற்பது விநாடி. படம் வெளியாவதற்கு முந்தின நாள் மாஷிடம் வந்தார்.

“மாஷே, புகழ்ந்து எழுதச் சொல்லல. அந்தக் கடைசி வரியில மட்டும் என்னைச் சேர்த்துடாதீங்க. என் வீட்டுக்காரி கார்த்தியாயினிக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. ஞாயித்துக்கிழமைதான் மக கூட்டிட்டுப் போறா. அவ பாக்கறதுக்கு முன்னாடி என்னைத் திரையிலேர்ந்து எறக்கிடாதீங்க.”

“பாக்காம வாக்குக் குடுக்க முடியாது, வேலுக்குட்டியேட்டா” என்றார் மாஷ். சொன்ன பிறகு அவருக்குக் கஞ்சி இறங்கவில்லை. சாயா கொண்டுவருகிறவன் எந்தக் கதைக்குத்தான் வேண்டும்!

வெள்ளிக்கிழமை படத்தில் கதாநாயகன் எல்லோருக்கும் நீதி சொன்னான், வில்லன் சிரித்தான், ஒரு குதிரை வந்தது. மாஷ் கொட்டாவி விட்டார். இடைவேளைக்குச் சற்று முன் வேலுக்குட்டி சாயாவோடு வந்தார். கதாநாயகன் கத்திக்கொண்டிருக்கிறான், கிளாஸ் சுடுகிறது, வைக்க இடமில்லை. வேலுக்குட்டி கை மாற்றிப் பிடித்தார். மறுபடி மாற்றினார். சூட்டைக் காட்டிக்கொள்ளாமல் நின்றார். மாஷ் தன் விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

சனிக்கிழமை பத்திரிகையின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘கதைக்கு வேண்டாதவர்கள்: சாயா கொண்டுவருபவர் தவிர மற்ற எல்லோரும்.’

ஏழேகாலுக்குக் கதாநாயகன், கதாநாயகி, வில்லன், இரண்டு வக்கீல்கள், பதினோரு நடனக்காரிகள் என வரிசையாக வந்தார்கள். குஞ்ஞேலி கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

“குதிரையுமா வேண்டாம்னு எழுதினீரு?”

“அதுவும் கதைக்கு வேண்டாம்டி.”

அவள் புல்லுக்கு ஆள் அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்மவிலாஸில் இரண்டே முக்கால் மணி நேரமும் வேலுக்குட்டி ஒருவரே திரையில் சாயாவோடு நின்றார். கை மாற்றினார், வைக்க இடம் தேடினார். இடைவேளைக்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதல் வரிசையில் கார்த்தியாயினியின் பக்கத்தில் அசல் வேலுக்குட்டி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“கை சுடுது அவருக்கு. யாராச்சும் வாங்கிக்குங்களேன்!” என்றாள் கார்த்தியாயினி. யாரும் அசையாததால் மகளின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். தடவித் தடவிப் போய், திரையிலிருந்து கிளாஸை வாங்கிக்கொண்டாள். திரையில் வேலுக்குட்டி தோள்துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். அவள் நின்றபடியே குடித்தாள், சர்க்கரை போதாது என்றாள்.

அடுத்த காட்சிக்கு வேறு கிளாஸ் வந்துவிட்டது. படம் நாற்பத்தொன்பது நாள் ஓடியது. அந்த முதல் கிளாஸ் கார்த்தியாயினியின் அடுக்களையில் இருக்கிறது. இப்போது அவளுக்குப் பார்வை அறவே இல்லை. வேலுக்குட்டி தினமும் நாலு மணிக்கு அதில்தான் அவளுக்குச் சாயா கொண்டுவருகிறார், சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு.