இரண்டு பேர் உட்காரும் கிளைடர்

பிடிவாதத்தில் என் வீட்டுக்காரர் என்னையே மிஞ்சியவர். "காசில்லாத கிளப்பும் வாங்குற மாதிரி ரெண்டு பேர் உக்கார்ற கிளைடர் செய்யப் போறேன்" என்று அவர் சொன்னபோது, எங்கள் ஒரே மகள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எஞ்சின் இல்லாத அந்த விமானத்தில் பழகுபவர் முன்னால் உட்காருவார், சொல்லிக்கொடுப்பவர் பின்னால். என் மகள் பழகிய கிளப்பில் இருந்ததோ அவளைவிட வயதான மரக் கிளைடர். புதிது வாங்க வக்கில்லாமல் அதையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். அவள் அதில் முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று பசை விட்டு இறக்கை பிரிந்துவிட்டது.

வீட்டை ஒட்டிய கொட்டகை பட்டறையானது. கண்ணாடியிழைத் துணியை அச்சில் விரித்து, ரெசின் என்ற பசையைத் தடவி, அடுக்கடுக்காக ஒட்டினோம். எத்தனை அடுக்கு என்று வரைபடத்தில் அவரேதான் போட்டிருந்தார். இறக்கை உடம்போடு சேரும் இடம் வந்தால் மட்டும் அவர் கை நிற்காது.

"இன்னும் ஒண்ணு போட்டுடலாம்."

"கணக்குப்படி போதுங்க."

"மனசுக்குப் போதலையே."

பெற்ற மனசுக்கு எவ்வளவு துணி போதும்? நானும் வெட்டிக் கொடுத்தேன். எடை போட்டுப் பார்க்கலாம் என்றால், "எல்லாம் முடியட்டும்" என்று நழுவிவிடுவார்.

சோதனைக்கு விமான ஆய்வாளர் வந்தார், கிளப் செயலாளரும் வந்தார். இறக்கையைக் கவிழ்த்துப் பொருத்தி மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தாங்க வேண்டிய பாரத்தைத் தாண்டியும் அடுக்கினார்கள். இறக்கை வளைந்ததே தவிர முனகக்கூட இல்லை.

"அண்ணே, முதல் வண்டி எங்களுக்குத்தான்!" என்று செயலாளர் கைதட்டினார். என் வீட்டுக்காரர் சிரித்தார். மகள் போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான். பாழாய்ப்போன என் கண்ணே பட்டுவிட்டது போலிருக்கிறது.

மறுநாள் இறக்கைகளைப் பூட்டி, கிளைடரைத் தராசில் ஏற்றினார்கள். ஆய்வாளர் இரண்டு தடவை பார்த்தார்.

"சார், இதுல ஒருத்தர்தான் உக்காரலாம். ரெண்டாவது ஆள் ஏறினா எடை மீறிடும்."

"அதான் இறக்கை தாங்குதே?" என்று நான் பாய்ந்தேன்.

"இறக்கை தாங்கும்மா. ஆனா கிளப்புல கயிறு கட்டி இழுக்கிற எந்திரம் இவ்வளவு கனத்தைத் தூக்காது. இறக்கையில அடுக்கு கூடிப்போச்சு, புதுசாத்தான் செய்யணும்."

செயலாளர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பசங்க ரொம்ப நாளாக் காத்திருக்காங்கண்ணே. பழைய மரக் கிளைடர் ஒண்ணு மலிவா வருது."

"மறுபடியும் மரமா? உங்க பிள்ளையை அதுல ஏத்துவீங்களா?" என்று கத்தினேன். அவர் வாசலைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஆய்வாளரும் கிளம்பியபின், என் வீட்டுக்காரர் முன் இருக்கையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"அவ உக்காந்தா தாங்கணும்னுதான் ஒவ்வொண்ணா ஒட்டினேன்."

"தாங்குங்க. பார்த்தோமே."

"தாங்கி என்ன? பின்னாடி ஆள் உக்கார முடியாதே. மறுபடியும் அவளைத் தனியாத்தானே அனுப்புறேன்."