வினோதன் செய்த நாடு

பெட்டியைச் சுமந்து வந்தவர்கள் லிப்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே போகும், படுத்தபடி போகாது. இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் சடங்கு கீழேயே வைத்துத்தான் செய்தது என்று காவல்காரர் சிங்களத்தில் சொன்னார். யதுஷா தலையாட்டினாள். தன் புருஷனை நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுபோவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒதுக்கிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த சீமெந்துத் தரையில் கம்பளம் விரித்து, இரண்டு தூண்களுக்கு நடுவே வினோதனை வைத்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. கடற்பக்கக் காற்று சுடரைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. அதைக் கையால் மறைத்தபடி யதுஷாவின் தாய் அன்னபாக்கியம் குந்தியிருந்தாள்.

மாமனார் நாகேந்திரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், மகனின் கால்மாட்டில் இருந்தார். பிள்ளையில்லாத மகனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். காலையில் குருக்கள் அதைச் சொன்னபோது “ஓம்” என்றார். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

யதுஷாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க ஒரே அசதி. இரண்டு வருடமாக ஒன்றுவிட்டொரு நாள் வினோதனின் சிறுநீரகத்துக்காக ஆஸ்பத்திரி, இடையில் வேலை, வேலை முடிந்து சமையல், உப்பில்லாமல் ஒரு கறி, உப்போடு ஒரு கறி. வந்தவர்கள் அவள் கையைப் பிடித்து, இனி அவனுக்கு வேதனையில்லை என்று ஆறுதல் சொன்னார்கள். அவளுக்கு அந்த இடத்திலேயே, யாராவது விட்டால், தரையில் சரிந்து படுத்துவிடலாம் போல இருந்தது.

“அந்தக் கதிரைகள கொஞ்சம் இங்கால எடுங்க, வயசானவங்க நிக்கிறாங்க.”

அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். திரும்பிப் பார்த்தாள். ஆளைத் தெரியவில்லை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சட்டை, குறுந்தாடி. பிறகுதான் பிடிபட்டது. எத்தனையோ பின்னேரங்களில் அவள் அடுப்படியில் நிற்கும்போது வினோதனின் அறையிலிருந்து கேட்கும் குரல் அது. கொழும்பு மருதானையில் தகப்பனின் மின்சாமான் கடையைப் பார்க்கும் மஜீட். நாலு வருடப் பழக்கம், எல்லாம் கணினி வழியாகத்தான். இந்த வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

அவர்கள் இரண்டு பேரும் கூடிச் செய்தது ஒரு நாடு.

வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது வினோதன் ஒரு விளையாட்டில் விழுந்தான். உலகப் படம் ஒன்று திரையில் விரியும். பதினைந்தாம் நூற்றாண்டில் தொடங்கி, விரும்பிய நாட்டை எடுத்து, வரி போட்டு, படை சேர்த்து, மணம் முடித்துக் கொடுத்து, நூற்றாண்டுக் கணக்காக ஆளலாம். அதில் இலங்கை முழுவதும் ஒரே நிறமாக இருந்தது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து நல்லூரில் தமிழ் அரசிருந்ததே, அதை எங்கே காணவில்லை என்று அவன் கேட்டான். அந்த விளையாட்டுக்குப் புது நாடுகளைச் சேர்த்து இலவசமாக வெளியிடும் குழு ஒன்று வெளிநாடுகளில் இருந்தது. ஆதாரம் காட்டினால் நீயே செய்து தரலாம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். அப்படித் தொடங்கியதுதான்.

யதுஷா முதலில் அதைப் பொழுதுபோக்கு என்றே நினைத்தாள். பிறகுதான் வேலை என்னவென்று தெரிந்தது. அரசர் வரிசை வேண்டும். நந்திக்கொடியை விரல்நகமளவில் வரைந்தாலும் நந்தி நந்தியாகத் தெரிய வேண்டும். மன்னாரில் முத்துக் குளித்தால் எவ்வளவு வருமானம், யானை விற்றால் எவ்வளவு, ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் எத்தனை கப்பல் கட்டலாம், எல்லாவற்றுக்கும் இலக்கம் போட வேண்டும். சாப்பிடும்போது திடீரென்று, அந்த அரசர்கள் அடித்த சேதுக் காசில் நந்தி எந்தப் பக்கம் பார்க்கும் என்பான். அவளுக்கு அன்றைய வேலைக் களைப்பில் கோபம் வரும். “எனக்கென்ன தெரியும்?” என்பாள். அவன் சிரித்துவிட்டு, தானே தேடிப் பார்ப்பான்.

எல்லாம் செய்து முடித்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. யாரும் விளையாடாமல் கணினியின் கையிலேயே விட்டுவிட்டால் அந்த நாடு நிலைக்க வேண்டும். நிலைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தெற்கிலிருந்த கோட்டை என்ற பெரிய இராச்சியம் வடக்கே வந்து அதை விழுங்கியது. உண்மையிலும் கோட்டை ஒருமுறை பிடித்ததுதான், ஆனால் பதினேழு வருடத்தில் நல்லூர் திரும்ப எழும்பியது என்று வினோதன் சொல்வான். அவனுடைய நாடு எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் காலைகளில் ஏதாவது ஓர் இலக்கத்தை மாற்றி விளையாட்டை ஓடவிட்டுப் போவான். இரத்தம் சுத்தமாகிக்கொண்டிருக்கும்போது அவனைக் கொண்டுபோய் விட்டு வீடு திரும்பிய யதுஷாவுக்குத் தொலைபேசி எடுப்பான்.

“இருக்கோ?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பாள். வடக்கு முனையில் அவனுடைய நாட்டின் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும். தெரியாது.

“இல்லை.”

“சரி, வந்து பாக்கிறன்.”

மஜீட் ஒரு வழி சொல்லியிருந்தார். அடுப்படியில் நின்ற யதுஷாவுக்கே அது கேட்டது. ஆட்டத்தின் அடியில், யாருக்கும் தெரியாமல், கோட்டை முதல் ஐம்பது வருடத்துக்கு வடக்கே திரும்பாதபடி செய்துவிடலாம். வினோதன் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நாடு இருந்த இருப்பு அதுதான், பக்கத்தில் பெரியவனை வைத்துக்கொண்டுதான் அது இருந்தது, அதை எடுத்துவிட்டால் தான் செய்தது வேறு ஏதோ நாடு என்றான்.

போன கிழமை மாரடைப்பு வந்து அவனை வார்டில் சேர்த்தார்கள். முந்தாநாள் பின்னேரம் பார்க்கும் நேரம் முடியப்போகும்போது அவன் கேட்டான்.

“யது, இருக்கோ?”

அவள் பார்க்கவில்லை. அந்த அறைக்குள் போய் மூன்று நாளாகியிருந்தது. கணினி ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்றுகூடத் தெரியாது. இல்லை என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

“ஓம். இருக்கு.”

“எந்த வருசம் மட்டும்?”

அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். “நான் பார்க்கேக்க ஆயிரத்து எழுநூறு தாண்டியிட்டுது.”

அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “எழுநூறோ,” என்றான். பிறகு, வெள்ளனப் போய்ப் படு, முகமெல்லாம் வீங்கியிருக்கு என்றான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

குருக்கள் வாய்க்கரிசிக்கு அழைத்தார். பெண்கள் ஒவ்வொருவராய்ச் சுற்றி வந்து போட்டார்கள். யதுஷாவின் முறை வந்தபோது அரிசி அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது. அன்னபாக்கியம் மகளின் கையைப் பிடித்து மெல்ல உதறிவிட்டாள். நாகேந்திரம் கதிரையை விட்டு எழும்ப இருவர் பிடிக்க வேண்டியிருந்தது. எழும்பியபின் அவர்களை விலக்கிவிட்டு, தானே கொள்ளிச்சட்டியைத் தூக்கினார். ஆண்கள் பொரளை மயானத்துக்குப் போனார்கள். வண்டி காலி வீதியில் திரும்பும்வரை பெண்கள் படலையடியில் நின்றார்கள். பிறகு காவல்காரர் கம்பளத்தைச் சுருட்டினார். மோட்டார் சைக்கிள்கள் தங்கள் இடத்துக்கு வந்தன.

மஜீட் மட்டும் போகவில்லை. தூணோடு சாய்ந்து நின்றவர் அவள் அருகே வந்தார்.

“அக்கா, இன்டைக்கு இதைக் கேக்கிறது சரியில்லன்னு தெரியும். ஆனா நாளைக்குக் காலையில அந்தக் குழு புது நாடெல்லாம் வெளியிடப் போகுது. ஒரே ஒரு விசயம்.”

மேலே வாருங்கோ என்றாள். அன்னபாக்கியம் வீடு கழுவிக்கொண்டிருந்தாள். இன்னும் காயாத தரையில் மூவரும் நின்றார்கள். மஜீட் கைத்தொலைபேசியில் ஒரு செய்தியை எடுத்து வாசித்தார். முந்தாநாள் பின்னேரம், அவள் வார்டை விட்டு வந்த பிறகு வினோதன் அனுப்பியது. யது பார்த்திட்டு வந்து சொன்னவ, எழுநூறு மட்டும் இருக்காம், இனி ஒண்டையும் தொட வேண்டாம், அப்பிடியே அனுப்புங்கோ.

“நான் அப்படியே அனுப்பிட்டன்,” என்றார் மஜீட். “பிறகுதான் யோசிச்சன். நீங்க பார்த்தீங்களா, அக்கா?”

அன்னபாக்கியம் துடைப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

“நான் பார்க்கேல்லை,” என்றாள் யதுஷா.

மஜீட் கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கடற்கரை ரயில் ஒன்று கடந்துபோனது. பிறகு யதுஷாதான் வினோதனின் அறைக் கதவைத் திறந்தாள். கணினி எப்போதோ நின்றுபோயிருந்தது. மருந்துப் பெட்டிகளை ஒதுக்கி, மஜீட்டுக்கு அவனுடைய கதிரையைக் கொடுத்து, தான் கட்டிலில் இருந்தாள்.

முதல் முறையாக அவள் தொடக்கத்திலிருந்து பார்த்தாள். படம் விரிந்தது. வடக்கில் மஞ்சள், அதற்குக் கீழே கோட்டையின் பெரிய பச்சை. மஜீட் வேகத்தைக் கூட்டினார். மாதங்கள் ஓடின. முத்துக் குளிக்கும் சலாபம் திறந்தது, ஒரு கோவிலுக்குத் திருப்பணி நடந்தது, பாண்டிநாட்டுக் கரையோடு ஓர் உடன்படிக்கை வந்தது. எல்லாவற்றுக்கும் அவன் எழுதிய சிறு சிறு வசனங்கள் திரையில் தோன்றி மறைந்தன. கப்பல்களின் பெயர்களில், தளபதிகளின் பெயர்களில் அவள் தேடிப் பார்த்தாள். தன் பெயரையோ அவள் பெயரையோ அவன் எங்கும் நுழைக்கவில்லை. எல்லாம் ஆதாரத்தோடு இருந்தன.

அரசன் இறந்தான். வாரிசு சின்னப் பிள்ளை. பச்சைப் படைகள் மேலே ஏறின. மஞ்சள் முனை ஒடுங்கி ஒடுங்கி நல்லூர் மட்டுமானது. பிறகு அதுவும் பச்சையானது.

“எத்தனையாம் ஆண்டு?” என்றாள்.

மஜீட் சொன்னார். எழுநூறுக்கு இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது.

“எழுநூறுக்குப் போக வழியே இல்ல அக்கா,” என்றார். அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இந்தக் கணக்கெல்லாம் போட்டது அவருதான். அவருக்குத் தெரியாம இரிக்காது.”

யதுஷா கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். நீவியது திரும்பச் சுருங்கியது.

மஜீட் வழிகளைச் சொன்னார். இப்போதே குழுவுக்குச் சொல்லி இந்த நாட்டை மட்டும் நிறுத்தி வைக்கலாம், அடுத்த வருடம் வரும். இல்லாவிட்டால் தான் அன்றைக்குச் சொன்ன கள்ள உதவியைப் போடலாம், அரை மணித்தியால வேலை, வெளியில் ஒருவருக்கும் தெரியாது. அப்படியே போனால் சனம் சிரிக்கும், செய்தவன் பெயர் அதில் இருக்கிறது.

“அது வேண்டாமெண்டு சொன்னவர்,” என்றாள் யதுஷா. பிறகு கேட்டாள்: “கொம்பியூட்டர்ட கையில விட்டாத்தானே இப்பிடி. ஆள் இருந்து விளையாடினா?”

“ஆள் இருந்தா நிக்கும். கஷ்டம்தான். கண்ண எடுக்காம பார்த்துக்கொண்டிரிக்கணும். அப்படியும் சில வேள போயிடும்.”

“அப்ப விடுங்கோ. அப்பிடியே போகட்டும். இருந்து பாக்க ஏலுமானவை பாக்கட்டும்.”

மஜீட் தட்டச்சுப் பலகையைப் பக்கத்தில் இழுத்தார். அறிமுகக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டார்: விளையாடக் கடினமான நாடு. சேர்க்கச் சொன்னாள். அவர் அதைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு எழும்பினார். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டாள், செத்த வீட்டில் சிரமப்பட வேண்டாம் என்றார். வாசலில் செருப்பை மாட்டினார். பிறகு கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

வெயில் தாழ்ந்தபோது நாகேந்திரம் பொரளையிலிருந்து வந்தார். கீழே குழாயடியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு மேலே வந்திருந்தார். மாற்றுவதற்கு யதுஷா வேட்டி எடுத்துக் கொடுத்தாள். கூடத்துக் கதிரையில் வந்து இருந்தார். எல்லாம் முடிஞ்சுதோ மாமா என்று கேட்டாள். தலையாட்டினார்.

அவள் பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கியவர் எழும்பி, கிளாஸை வேட்டி மறைவில் பிடித்தபடி அடுப்படிப் பக்கம் நடந்தார். வினோதனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று வைத்தியர் அளந்து கொடுத்த நாளிலிருந்து, அந்த வீட்டில் யாரும் கூடத்தில் வைத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால், சத்தமில்லாமல், நின்றபடிதான்.

பாதி வழியில் நாகேந்திரம் நின்றார். கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். மெல்லத் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். கடலைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, எல்லாருக்கும் கேட்கக் குடித்தார்.