தொட்டி நிறைந்தால் நிற்கும் வண்டி

பெட்ரோல் தீர்ந்து ஒரு வண்டி நின்றால் அதில் குழம்ப ஒன்றுமில்லை. பெட்ரோல் போட்ட கையோடு நின்றால்? புளூபெர்ரித் தோட்டத்தின் வேலியோரம் நின்றபடி நடீன் டைக்ஹவுஸ் இதைத்தான் மனத்துக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் பதினெட்டு அடி நீளத்துக்குக் கிடந்தது ஒரு வெளிர்நீல பான்டியாக் கேட்டலினா, 1965-ஆம் வருடத்து வண்டி. பத்து மைல் வரை ஒரு குறையும் இல்லாமல் வந்தது. வழியில் தொட்டியை நிரப்பினாள். அங்கிருந்து இரண்டு மைல் போவதற்குள் இருமியது, விக்கியது, அப்படியே ஓய்ந்துவிட்டது.

நாலு மணிக்கு சிகாகோவிலிருந்து ஒருவன் வண்டியை ஏற்றிப் போக டிரெய்லரோடு வருகிறான். அதற்குள் இது தனக்கு வேண்டுமா வேண்டாமா என்று நடீன் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை வந்தால் நடீன், மெர்ல், கர்ட் மூவரும் ஒன்றாகக் கிளம்பிவிடுவார்கள். மிச்சிகன் ஏரிக்கரை ஊர்களில் வீட்டு முன் புல்தரையில் ‘விற்பனைக்கு’ என்று அட்டை வைத்து நிற்கும் பழைய வண்டிகளை ஒன்றுவிடாமல் பார்ப்பார்கள். பார்த்து, குறை சொல்லி, டோனட் தின்றுவிட்டு வீடு திரும்புவார்கள். வாங்குவது என்ற பேச்சே கிடையாது. வீடுகளுக்குக் குழாய் வேலை செய்யும் மெர்லிடம் ஏற்கெனவே ஒரு பழைய சிவப்பு ஃபோர்டு இருந்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கர்ட்டிடம் ஒரு பச்சை டாட்ஜ். பள்ளிப் பேருந்துகளுக்கு வழியும் நேரமும் வகுத்துக் கொடுக்கும் நடீனிடம் மட்டும் ஒன்றுமில்லை. மூவரும் இருந்த கார் கிளப்பில் சொந்தமாகப் பழைய வண்டி இல்லாத ஒரே ஆள் அவள்தான். கண்காட்சி நாளில் எல்லோரும் வண்டிகளைப் புல்தரையில் வரிசையாக நிறுத்துவார்கள். அவள் மட்டும் தன் அன்றாடக் காரைச் சோளக்கொல்லை ஓரம் பார்வையாளர்களோடு நிறுத்திவிட்டு, புறங்கையில் நுழைவு முத்திரை குத்திக்கொண்டு நடந்து வருவாள். யார் வண்டியில் என்ன குறை என்று அவள் வாயைத் திறந்தால், “முதல்ல நீ ஒண்ணு வாங்கும்மா, அப்புறம் பேசலாம்” என்று பதில் வரும். அடுத்த கண்காட்சி வரும் சனிக்கிழமை.

அன்று காலை ஹார்லன் ப்ராவர் வீட்டு வாசலில் இந்த வண்டியைப் பார்த்ததுமே அவளுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. மற்ற இருவரும் குறைக்கவில்லை.

“கதவு இடுக்கைப் பாரு. மேல ஒரு விரல் போகுது, கீழ ஒண்ணரை விரல் போகுது,” என்றான் கர்ட்.

“முதல்ல உன் விரலெல்லாம் ஒரே அளவா இருக்கான்னு பாருடா,” என்றான் மெர்ல். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மாடு பொம்மைக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி வண்டியின் உடம்பெல்லாம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். துருவை மறைக்க யாராவது பூச்சு வைத்து அடைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. “ஒட்டுது. இங்கயும் ஒட்டுது. சக்கரத்துக்கு மேலயும் ஒட்டுது. சே, என்ன வண்டிடா இது, குறை சொல்லவே விட மாட்டேங்குது.”

“ரேடியோ பொத்தான்ல ஒண்ணு வேற வண்டியோடது,” என்றாள் நடீன்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஹார்லன் நிமிர்ந்தார். எழுபது தாண்டியவர். “கண்ணு கூர்மைதான். அதைக் கண்காட்சி நடுவர்கூட கவனிக்கல. வேற எதையும் விட மாட்டானுங்க, துருப்பிடிச்ச திருகாணி ஒண்ணு இருந்தாக்கூட மார்க்கை வெட்டிடுவானுங்க. அதனாலயே போன வருஷம் பழசா தெரிஞ்சதையெல்லாம் மாத்திட்டேன்.”

“இவ்வளவு பார்த்துப் பார்த்து வச்சிருக்கீங்க. அப்புறம் ஏன் இவ்வளவு குறைஞ்ச விலைக்குக் குடுக்கறீங்க?”

“மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லம்மா. நடுவழியில நிக்குது. ஏன்னு எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவாவே கிளம்பும், மறுபடி நிக்கும். ரெண்டு மெக்கானிக் பார்த்தாச்சு. கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், குழாய் எல்லாம் புதுசு. அவங்க ஓட்டினா நிக்கவே மாட்டேங்குது. நான் பெட்ரோல் போட்டுக்கிட்டு பேத்தியைப் பார்க்கக் கிளம்பினா, ஊர் எல்லையைத் தாண்ட விடாது.” அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “சிகாகோக்காரன் ஒருத்தன் வரான். இந்த என்ஜினைக் கழட்டி எறிஞ்சுட்டு புதுசு வைக்கப்போறானாம். ஆனா முதல்ல வந்தது நீ, முதல் பேச்சு உன்னோடது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் வியாபாரம் பேச மாட்டேன். ஓட்டிப் பார்த்துட்டு நாலு மணிக்குள்ள சொல்லிடு.”

வேறொருவர் வண்டியை நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தால் தொட்டியை நிரப்பித் திருப்பிக் கொடுப்பது இவர்களுக்குள் எழுதாத மரியாதை. பெட்ரோல் முள் காலிக்குப் பக்கத்தில் நின்றதால் நடீன் நிரப்பினாள். அதன் பலன்தான் இந்த வேலியோரம்.

கர்ட் என்ஜின் மூடியைத் தூக்கினான். “இது ஆவி அடைப்பு. இந்த ஆகஸ்ட் வெயில்ல பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாயிடுது. பம்ப் பெட்ரோலைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது.” சட்டைப் பையிலிருந்து மரத்தாலான துணிக்கிளிப்புகளை எடுத்து, பெட்ரோல் குழாயின் மேல் ஒவ்வொன்றாக மாட்டினான். மரம் குழாயின் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்பது பழைய வண்டிக்காரர்கள் நம்பிக்கை. கர்ட் சர்ச்சுக்குப் போனாலும் பையில் கிளிப் இல்லாமல் போக மாட்டான்.

“கொடி கட்டியாச்சு. துணி எங்கடா?” என்றான் மெர்ல். “ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. காயில் சூடாயிருக்கு. காயில் சூடானா தீப்பொறி வராது. ஆறினதும் தானா வரும்.”

இருவரும் வண்டியின் மூக்கில் குனிந்து வாதாடினார்கள். நடீனுக்கு வேறு சந்தேகம். பழைய வண்டிகளின் பெட்ரோல் முள்ளை நம்ப முடியாது. தொட்டி உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா? வண்டியின் பின்னால் போய், நம்பர் பிளேட்டைக் கீழே மடக்கி, அதற்குள் இருந்த பளபளப்பான மூடியைத் திருகினாள். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். டயரில்தான் காற்று போகிறதென்று நினைத்து, குனிந்து இரண்டு பின் டயர்களையும் தட்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தன. தொட்டியில் கழுத்து வரை பெட்ரோல் தெரிந்தது. ஒன்றும் புரியாமல் மூடினாள்.

“கிளிப் எல்லாம் மாட்டியாச்சு. சாவியைப் போடு!” என்று கர்ட் கத்தினான்.

சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பிவிட்டது.

“என்னடா மெர்ல், துணி எங்கன்னு கேட்டியே?” கர்ட் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான். “ஒரு வேலை பண்ணு. இன்னிக்கு டோனட் நீ வாங்கு.”

நாலு மைல் போனார்கள். இருமல், விக்கல், அமைதி.

“கிளிப் போட்டப்புறம் ரெண்டு மைல் கூட ஓடிச்சுல்ல?” என்றான் கர்ட், குரல் சற்று இறங்கி.

“அப்ப நூறு கிளிப் மாட்டினா ஃப்ளோரிடா வரைக்கும் போகலாம்.” மெர்ல் ஏற்கெனவே தண்ணீர் பாட்டிலோடு இறங்கியிருந்தான். கைக்குட்டையை நனைத்து காயிலின் மேல் போர்த்தினான். “இப்ப பாரு.”

நடீன் சாவியைத் திருகினாள். கிளம்பவில்லை. கொஞ்சம் பொறுத்துத் திருகினாள். அப்போதும் இல்லை. பெட்ரோல் எங்காவது ஒழுகுகிறதோ என்று பின்னால் போனாள். மூடியைத் திருகியதும் மறுபடி உஸ்ஸ். பழக்கம் போல டயரைத் தட்டக் குனிந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். டயர் இரண்டு தடவை ஏன் சீறும், அதுவும் மூடியைத் திறக்கிற நேரம் பார்த்து?

“நல்லா ஆறிடுச்சு, இப்ப போடு!” என்றான் மெர்ல்.

மூடியைப் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பியது.

“காயில்!” என்று மெர்ல் கையைத் தட்டினான். “டோனட் உன் கணக்குலடா.”

நடீன் வண்டியை அணைத்தாள்.

“ஏய், எதுக்கு அணைக்கிற? ஓடிக்கிட்டிருந்ததே!”

“இருங்க. ஒரு தடவை கிளிப் ஜெயிச்சுது, ஒரு தடவை ஈரத்துணி ஜெயிச்சுது. ஒரே வண்டிக்கு ரெண்டு நோயா? ரெண்டு தடவையும் பொதுவா நடந்தது என்னன்னா, நான் பின்னாடி போய் மூடியைத் திறந்தேன். ரெண்டு தடவையும் உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு.”

“காத்து உள்ள போனா என்ன?”

“ஜூஸ் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டு ஊத்திப் பாரு. ரெண்டு சொட்டு வந்துட்டு நின்னுடும். அதுக்குத்தானே எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடறோம்? பெட்ரோல் வெளிய போற இடத்துக்குக் காத்து உள்ள வரணும். வரலைன்னா தொட்டி பெட்ரோலை விடாம பிடிச்சுக்கும். பம்ப் இழுத்து இழுத்துத் தோத்துடும். சும்மா நிறுத்தி வச்சா எங்கேயாவது இடுக்கு வழியா காத்து கொஞ்சம் கொஞ்சமா கசியும், அதான் கொஞ்ச நேரத்துல தானா கிளம்புது.”

கர்ட் தலையைச் சொறிந்தான். “சரி. காலையில பத்து மைல் வந்தோமே, அப்பவும் இதே மூடிதானே போட்டிருந்துது? அப்ப ஏன் நிக்கல?”

பிடித்த நுனி நடீனின் கையை விட்டு நழுவியது போலிருந்தது.

“உன் ஜூஸ் டின் கதை அவ்வளவுதான்,” என்றான் மெர்ல்.

அவள் பம்பரில் சாய்ந்து நின்றாள். காலையில் தொட்டி ஏறக்குறையக் காலி. மெக்கானிக்குகள் ஓட்டியபோதும் அப்படித்தான் இருந்திருக்கும்; பழுது பார்க்க வந்த வண்டிக்கு எந்த மெக்கானிக் தொட்டியை நிரப்புவான்? ஹார்லன் வெளியூர் கிளம்பினால் நிரப்பிக்கொண்டு கிளம்புவார். இன்று நிரப்பியதும் நின்றது. முதலில் இரண்டு மைலில், கொஞ்சம் பெட்ரோல் குறைந்த பிறகு நாலு மைலில். பெட்ரோல் குறையக் குறைய அதிக தூரம். காலித் தொட்டியில் பெட்ரோல் இல்லை என்றால், அங்கே என்ன இருக்கிறது?

“காத்து!” என்றாள். “காலித் தொட்டி பூரா காத்துடா. ஒரு குவளை பெட்ரோல் வெளிய போனா, அவ்வளவு காத்தும் துளித் துளி விரிஞ்சு அந்த இடத்தை நிரப்பிடும். பம்புக்குத் தெரியவே தெரியாது. நிறைஞ்ச தொட்டியில காத்து ஒரு கைப்பிடிதான். அதே ஒரு குவளை போனா, அந்தக் கைப்பிடி காத்து ரெண்டு பங்கா விரியணும். அது முடியாம இழுத்துப் பிடிச்சுக்குது. அதான் தொட்டி நிறைஞ்சா நிக்குது!”

அவள் மெர்ல் பக்கம் திரும்பினாள்.

“கூரை மேல காத்துக் குழாய் வைக்காம கழிவுத் தண்ணி இறங்காதுன்னு எங்க வீட்டுல வந்து அரை நாள் பாடம் எடுத்தியே மெர்ல், இது உனக்குத் தோணலையா?”

“வீட்டுக்குச் சக்கரம் இல்லையே,” என்று முணுமுணுத்தான் மெர்ல்.

நடீன் கிளிப்புகளைக் கழற்றினாள். ஈரத்துணியையும் எடுத்தாள். ஒரே நேரத்தில் மூன்று மருந்து கொடுத்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. மூடியை முழுக்க இறுக்காமல் தளர்வாக விட்டு, பெட்ரோல் அலம்பாதபடி மெதுவாக ஓட்டினாள். இரண்டு மைல் போனது. நாலு மைல் போனது. ஹார்லன் வீட்டுத் தெரு வந்தது, வண்டி நிற்கவில்லை.

டிரெய்லர் அதற்குள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பளிச்சென்ற வெள்ளை ஷூ போட்ட சிகாகோக்காரன் ஹார்லனோடு பேசிக்கொண்டிருந்தான்.

“ஒரு வார்த்தை பேசாதே,” என்று மெர்ல் அவள் காதருகே சொன்னான். “காரணம் தெரிஞ்சா விலை ஏறிடும். கையைக் குலுக்கு, சாவியை வாங்கு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அதுதான் சரி என்று அவளுக்கும் தெரிந்தது. பேசாமல்தான் இறங்கினாள். ஆனால் இவ்வளவு அழகான காரணத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

“ஹார்லன், பெட்ரோல் மூடியையும் மாத்தினீங்களா?”

“ஆமாம். துருப்பிடிச்சிருக்குன்னு ஒரு மார்க் வெட்டிட்டான். பழைய சாமான் சந்தையில பளபளன்னு ஒண்ணு கிடைச்சுது, கச்சிதமா உட்கார்ந்துடுச்சு.”

“வண்டி நிக்க ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடிதான்!” என்றார் ஹார்லன். எழுந்து கராஜுக்குள் போய் ஒரு காபி டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். ஆணிகளுக்கும் திருகாணிகளுக்கும் நடுவே துருப்பிடித்த ஒரு மூடி உருண்டது. நடீன் ஜூஸ் டின்னில் தொடங்கி கைப்பிடிக் காற்று வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மெர்ல் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

“அப்படின்னா நான் இன்னும் கூடக் குடுக்கறேன்,” என்றான் சிகாகோக்காரன் உடனே.

“நீ என்ஜினைக் கழட்டி எறியறேன்னு சொன்னவன்,” என்றார் ஹார்லன். “நோய் இந்த என்ஜின்ல இல்லையாம், என் கையிலதான் இருந்துதாம். முதல் பேச்சு இந்தப் பொண்ணோடது.” நடீன் பக்கம் திரும்பினார். “சொல்லும்மா.”

“எனக்கு வேணும்.”

“அதே விலைதான். ஆனா அந்தப் பளபளா மூடிக்கு நான் குடுத்ததையும் சேர்த்துக் குடுத்துடு. அதை என் கண்ணுல படாம எடுத்துட்டுப் போயிடு.”

கையைக் குலுக்கினார்கள்.

நடீன் பழைய மூடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்பக்கத் தகட்டில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. பிற்கால வண்டிகளின் தொட்டி வேறு குழாய் வழியாக மூச்சு விடும், அதனால் அவற்றின் மூடியில் ஓட்டை கிடையாது. ஹார்லன் வாங்கிய பளபளப்பான மூடி அந்த வகை. இந்த வண்டியின் தொட்டிக்கு மூச்சு விட அந்த ஓட்டையை விட்டால் வேறு வழியில்லை. ஓட்டையுள்ள மூடியைப் போட்டு இறுக்கினாள். போகிற வழியில் தொட்டியைக் கழுத்து வரை நிரப்பினாள். வீடு வரைக்கும் வண்டி நிற்கவில்லை.