கால் டாங்க் பெட்ரோல்

ஜெனரேட்டர் இரண்டு நிமிடம் ஓடி, நாலு தடவை இருமி, நின்றது. காலையிலிருந்து இது ஏழாவது தடவை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன், அது நிற்கும் ஒவ்வொரு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு வண்டித் தரகர் வந்துடுவார்."

"மணி பாக்க எனக்கும் தெரியும்ணா," என்றாள் ஊசி.

ஊசி என்பது தொழிற்சாலை வைத்த பெயர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் தையல் மெஷின்களைப் பழுதுபார்த்தவள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும், பெயர் ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலையை மூடியபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டு, படுக்கையும் அடுப்பும் ஏசியும் ஜெனரேட்டரும் வைத்த இந்தப் பழைய வீட்டு வேனைத் தன் பெயரில் வாங்கினாள். தங்கையையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், சின்னத் தையல் கூடங்களில் மெஷின் பழுதுபார்ப்பது அவள் திட்டம். நாளைக் காலை முதல் வேலை. போகிற இடத்தில் கரண்டை நம்ப முடியாது, சொந்த ஜெனரேட்டர் ஓடினால்தான் மோட்டார்களைச் சோதிக்க முடியும். ஓடாவிட்டால் வேன் வெறும் தகரப் பெட்டி. அவளும் அண்ணன் வீட்டுப் பின்னறைக்குத் திரும்பி, மிச்ச வயதையும் அண்ணியின் சமையலறையில் தேய்த்துக் கழுவ வேண்டியதுதான்.

அண்ணனுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. "இங்க உனக்கு என்ன கொறச்சல்?" என்பார். போன வாரம் வந்த மெக்கானிக் ஜெனரேட்டரின் கார்புரேட்டரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாதுங்க" என்று கை கழுவிவிட்டுப் போனதும், அண்ணனுக்கு நல்ல சாக்குக் கிடைத்தது. "ஞாயித்துக்கிழமை தரகர் வரும்போது இது ஓடிக்கிட்டிருந்தா தாராளமா போ. இல்லேன்னா வேனை வித்துடலாம், சாவியை அவர்கிட்ட குடுத்துடு." வீம்புக்குச் சரி என்று தலையாட்டியது ஊசிதான். வீம்பில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

கார்புரேட்டரில் கோளாறே இல்லையென்று சொல்ல முடியாது. கழற்றியபோது, அடியில் பெட்ரோல் தேங்கும் குட்டிக் கிண்ணத்தில் மூன்று மாதப் பழசு பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. பெட்ரோல் போகும் மயிரிழைத் துளையும் பாதி அடைத்திருந்தது. தங்கை உடனே ஒரு தையல் ஊசியை எடுத்து நீட்டினாள்.

"அதை விட்டுக் குத்தினா ஓட்டை பெருசாயிடும்டி. அப்புறம் இது குடிக்கிறதுக்கு அளவே இருக்காது."

பிரஷ்ஷிலிருந்து ஒரு நைலான் இழையைப் பிடுங்கி, அதைத் துளைக்குள் விட்டு வாங்கி, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளை பளிச்சென்று இருந்தது. மாட்டினாள். குழாய் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கிண்ணத்தை நிரப்பிக் கிளப்பினாள். இரண்டு நிமிடம். மறுபடி ஊற்றிக் கிளப்பினாள். அதே இரண்டு நிமிடம்.

ஏழாவது தடவை நின்றபோது ஸ்பேனரைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எறியவில்லை. எறிந்தால் அண்ணன் சிரிப்பார்.

"அடைப்பா இருந்தா முன்னப்பின்ன நிக்கும். இது வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி கரெக்டா நிக்குதே," என்று முணுமுணுத்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். "நான் ஊத்துறதை மட்டும் குடிச்சிட்டு நிக்குதுடி. டாங்க்ல இருந்து சொட்டுக்கூட வரல."

டாங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் குட்டிப் பம்ப்பின் குழாயை ஒரு பாட்டில் பெட்ரோலுக்குள் விட்டுக் கிளப்பினாள். பாட்டில் காலியாகும் வரை ஜெனரேட்டர் மூச்சு விடாமல் ஓடியது. ஆக, கார்புரேட்டரும் பம்ப்பும் யோக்கியர்கள்.

"டாங்க்ல பெட்ரோல் இருக்கே," என்றார் அண்ணன். அதுவும் உண்மைதான். முள் கால் டாங்குக்கு ஒரு நூல் கீழே நின்றது, வேனும் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பியது. ஒரே டாங்க்கில் வேனுக்கு உண்டு, ஜெனரேட்டருக்கு இல்லையென்றால் என்ன நியாயம்?

வேனை அணைத்துவிட்டுச் சாக்கை விரித்து அடியில் நுழைந்தாள். டாங்க்கின் தலையிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பின. ஒன்று வேன் எஞ்சினுக்கு, ஒன்று ஜெனரேட்டருக்கு. தங்கையை டாங்க்கின் வாயில் காது வைக்கச் சொல்லிவிட்டு, எஞ்சின் குழாயைக் கழற்றி, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தாள்.

"கொளகொளன்னு கொப்பளிக்குதுக்கா."

அதை மாட்டிவிட்டு மற்றதில் அடித்தாள்.

"இதுல வெறும் காத்துதான் உஸ்ஸுன்னு வருது."

ஊசி மல்லாந்தபடியே சிரித்துவிட்டாள். டாங்க்குக்குள்ளே ஜெனரேட்டரின் குழாய் குட்டை. அது பெட்ரோலைத் தொடவே இல்லை. வண்டியைக் கட்டியவன் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறான். ஏசியைப் போட்டுத் தூங்கினாலும் ஜெனரேட்டர் எல்லாவற்றையும் குடித்துவிடக் கூடாது, கடைசிக் கால் டாங்க் சக்கரத்துக்கு. நடுவழியில் யாரும் நிற்க வேண்டாம்.

வெளியே வந்தவளுக்கு இன்னொன்று உறைத்தது. "அண்ணா, இங்க நிறுத்தினப்ப நான் டாங்க் ரொப்பித்தானே நிறுத்தினேன்?"

"நான்தான் எடுத்தேன்," என்றார் அண்ணன் பெருமையாக. "நிக்கிற வண்டியில கால் டாங்குக்கு மேல வைக்கக் கூடாது. ஆபத்து."

ஊசிக்கு ஆச்சரியமே இல்லை. வெளியே கிளம்பினால் சிலிண்டரை மூடி, மெயினை அணைத்து, சொட்டாத குழாயையும் இன்னொரு திருகு திருகிவிட்டு வருகிற வீடு இது.

"எடுத்து எங்க வச்சீங்க?"

"ஷெட்ல. பழைய பேப்பர்க் கட்டுக்குப் பின்னாடி, கேன்ல. பத்திரமா இருக்கு."

"வண்டியில இருந்தா ஆபத்து, பேப்பருக்குப் பக்கத்துல இருந்தா பத்திரம்," என்றாள் ஊசி. தங்கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேன்களை இருவருமாகச் சுமந்து வந்து ஊற்றினார்கள். நாலாவது இழுப்பில் ஜெனரேட்டர் கிளம்பியது. இரண்டு நிமிடம் தாண்டியது. பத்து தாண்டியது. ஏசியைப் போட்டாள், ஒரு முக்கு முக்கிவிட்டுச் சமாளித்து ஓடியது.

சரியாக நாலு மணிக்குத் தரகர் ஸ்கூட்டரை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தார். காது கொடுத்துக் கேட்டார். "ஜெனரேட்டர் ஜம்முனு ஓடுதே. அப்ப விலையே வேற."

அண்ணனின் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நல்லவேளை சரி பண்ணினே."

"ஓடினா போகலாம்னு சொன்னீங்க."

"ஓடாதுன்னு நெனச்சு சொன்னேன். ரெண்டு பொம்பளைங்க தனியா ரோட்டுல அலையிறதாவது. சாவியைக் குடு."

ஊசிக்கு அழுகை வரவில்லை. தன் மேல்தான் எரிச்சல் வந்தது. தன் வண்டிக்கு இவர் வைத்த பரீட்சையை, காலையிலிருந்து கை கறுக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறாளே. கந்தல் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"ஏறுடி," என்றாள் தங்கையிடம்.

"நான் பேசிக்கிட்டிருக்கேன்," என்றார் அண்ணன்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இருபத்தாறு வருஷமா என் சம்பளம், என் நேரம், என் வாய், எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வச்சீங்க. கேட்டா ஆபத்துன்னீங்க. இந்தக் கடைசிக் கால் டாங்கை மட்டும் விட்டுட்டீங்க." ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "கிளம்புறதுக்கு அது போதும்ணா."

அண்ணன் தரகரைப் பார்த்தார். தரகர் அவரைப் பார்க்கவில்லை. போய்த் தன் ஸ்கூட்டரை கேட்டிலிருந்து தள்ளி ஓரமாக நிறுத்தினார். வேன் தெருவில் இறங்கியது.

"அக்கா, ஜெனரேட்டரை அணைச்சுடவா?" என்றாள் தங்கை.

"ஓடட்டும். தெருமுனை வரைக்கும் அவருக்குக் கேக்கட்டும்."