டீசல் அடித்த மூட்டைகள்

படகிலிருந்து வந்த காப்பிக்கொட்டை மூட்டையைப் பிரித்ததும் காப்பி வறுக்கிறவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டீசல் நெடி குப்பென்று அடித்தது. மற்ற மூட்டைகளும் அப்படியே. படகின் அடித்தட்டில் ஏதோ கேன் ஒழுகியிருக்கிறது.

"கொஞ்சம் கருக விட்டு இறக்கிடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் புருஷன்.

"கறுப்பா வறுக்கிறவ குறையை மறைக்கத்தான் வறுக்கிறாள்னு உங்க தம்பி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. அதை நானே நிஜமாக்கணுமா?"

தீவில் காப்பி வறுக்கிறவர்கள் இரண்டே பேர்: அவளும் அவள் கொழுந்தனும். ஒரே கொட்டகையில் ஆரம்பித்தவர்கள். இளம்பழுப்பில் இறக்கினால்தான் கொட்டையின் ருசி தெரியும் என்பான் அவன். அது பச்சைத்தண்ணி என்பாள் இவள். பேச்சு முற்றி, அவன் கலங்கரை விளக்கத்துப் பக்கம் தனிக்கடை போட்டுவிட்டான். பேச்சுவார்த்தையும் நின்றது.

ஒரு பிடி வறுத்துக் குடித்துப் பார்த்தாள். தொண்டையில் டீசல் நின்றது. மூட்டைகளைக் கொல்லைக்கு இழுத்துப் போய் எருக்குழியில் கொட்டினாள். கடல் கொந்தளிப்பு, அடுத்த படகு எப்போதென்று யாருக்கும் தெரியாது. அவளை நம்பி ஆஸ்பத்திரி கேன்டீனும் மீன் ஏலக்கூடமும் இருந்தன. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கொழுந்தன் சல்லடையோடு வாசலுக்கு வந்தான். "அட! இந்தப் பக்கம் வழி தெரிஞ்சிடுச்சா அண்ணி?"

"தெரிஞ்சுது. என் சரக்கு பாழாப் போச்சு தம்பி. ஒரு மூட்டை வேணும், கடனா. அடுத்த படகுல திருப்பித் தந்துடறேன்."

"எதுக்கு? கரியாக்கவா?"

சுருக்கென்றது. ஆனாலும் திரும்பிப் போக வரவில்லை அவள். "பாதி உங்க பதத்துல நீங்களே வந்து வறுங்க. பாதி என் பதம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம். குடிக்கிறவங்க சொல்லட்டும்."

அவன் சல்லடையைக் கீழே வைத்தான். "தோத்தா அழக்கூடாது."

"அழறது யாருன்னு பார்ப்போம். மூட்டையைத் தூக்குங்க."

அன்று அவளுடைய வறுவல் மெஷின் முன்னால் இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். கொட்டை படபடவென்று வெடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவன் "போதும், இறக்குங்க!" என்று கத்தினான். இன்னும் கறுக்க விடக் கை துறுதுறுத்தாலும், சொன்ன சொல்லுக்காக இறக்கினாள். ஆறியதும் ஒரு மடக்கு குடித்தாள். எலுமிச்சை மாதிரி ஏதோ நாக்கில் பளிச்சென்றது. நன்றாகத்தான் இருந்தது. மீதிப் பாதியைத் தன் பதத்தில் கறுக்க வறுத்து இறக்கினாள்.

ஏலக்கூடத்துக்காரர்கள் கறுப்பைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள் பழுப்பைக் கேட்டார்கள். ஜெயித்தது தான்தான் என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள்.

கடல் அடங்கிய அன்று இருவரும் சேர்ந்தே படகுக்காரரிடம் போனார்கள். இனி காப்பி மூட்டை மேல்தட்டில்தான் வர வேண்டும் என்றாள் அவள்.

"அது ஆளுங்க உட்கார்ற இடம்மா."

"அப்ப மூட்டைக்கும் டிக்கெட் போடுங்க," என்றாள். "ஜன்னலோர சீட்டு," என்று சேர்த்தான் கொழுந்தன்.

சிரித்துக்கொண்டே மறுத்தார் அவர். அவள் நகரவே இல்லை. கடைசியில் படகுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு டிக்கெட் கட்டை எடுத்தார்.