துருப்பிடிக்காத கைப்பிடி

லாயக்காரரின் இடுப்பெலும்பை முறித்தது குதிரை இல்லை. குதிரை என்றால் வெளியே சொல்லிக்கொள்ள ஒரு கெத்தாவது இருந்திருக்கும். முரட்டுக் குதிரைகளோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதர், குளியலறையில் ஒரு சோப்புத் துண்டிடம் தோற்றுப்போனார். யாராவது விசாரித்தால் "விழுந்துட்டேன்" என்பார். எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

கம்பு ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டிராக்டர் இருக்கையில் மட்டும் இனி ஜென்மத்துக்கும் ஏறக் கூடாது என்றும் சொன்னார். 

அவர் நடத்தியது அடுத்தவர் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். குதிரை மேல் ஆசை உண்டு, கட்டிவைக்க இடமில்லை என்கிறவர்கள் கொண்டுவந்து விடுவார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் மரவேலி அடைத்த ஒரு பட்டி, அதன் தலைமாட்டில் தகரக் கூரை. குதிரை சும்மா நிற்கிற ஜீவன் இல்லை. தீவனம் வருகிறதா என்று கதவடியில் நின்று மண்ணைப் பறிக்கும். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குழி போடும். வேலி ஓரமாகவே நடந்து நடந்து வாய்க்கால் வெட்டிவிடும். வாரம் தவறாமல் நிரவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு சின்ன டிராக்டரும் அதன் பின்னால் மாட்டிய பாக்ஸ் பிளேடும். வீட்டில் அதற்குப் பெயர் வெறும் பெட்டி. அடியும் முன்பக்கமும் திறந்த இரும்புப் பெட்டி, பின்சுவரின் கீழே வெட்டும் தகடு. இழுத்துக்கொண்டு போனால் மேட்டு மண்ணைச் சீவி வயிற்றில் வாங்கிக்கொள்ளும், பள்ளம் வந்தால் கொட்டிவிடும்.

தீவனம் கலக்குவது, லத்தி அள்ளுவது, குதிரைக்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் கல்யாணமான நாளிலிருந்தே மனைவி கையில்தான். அவர் பங்குக்கு இருந்தது டிராக்டர் ஒன்றுதான். அதுவும் போனால் இந்த இடத்தில் தனக்கு என்ன மரியாதை என்பதுதான் அவரை ராப்பகலாக அரித்த கேள்வி. கூலிக்கு வந்த ஆள் இரண்டாம் நாளே வேலியில் இடித்துவிட்டு ஓடிப்போனான். "விடுங்க, நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க" என்றாள் மனைவி.

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வேலியோரம் போட்டு, கம்பை மடியில் கிடத்தி, வாத்தியார் வேலையைத் தொடங்கினார். முதல் நாள் கிளட்சை அவள் பொசுக்கென்று விட்டதில் டிராக்டர் தவளை மாதிரி துள்ளியது. பெட்டி மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. மேடு வந்தால் பெட்டியின் லீவரைத் தூக்குவதும் பள்ளம் வந்தால் இறக்குவதுமாக அவள் பதறியதில், பட்டி முழுக்க மண் அலை அலையாக நின்றது. அவருக்கு ஒரே சந்தோஷம். வெளியே காட்டிக்கொள்ளாமல், லீவரைச் சும்மா சும்மா தொடாதே, மெதுவாகப் போ, கண் பின்னால் பெட்டி மேலேயே இருக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அதுவரை எதையும் ஒளிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வினை என்னவென்றால், அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். மாதம் முடிவதற்குள் அலை போய்விட்டது. மூலையில் பின்னோக்கி நுழைந்து, வேலிக்கம்பம் பெட்டியை உரசாமல் மண்ணை வழித்துக்கொண்டு வந்தாள். அவருக்கே அந்த மூலைகள் என்றைக்கும் சரியாக வந்ததில்லை.

குதிரைகளுக்கு லாடம் அடிக்க வருகிற லாடக்காரர் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "அண்ணே, இனிமே நீங்க நிம்மதியா பேப்பர் படிக்கலாம். அக்கா கைக்கு மண்ணு சொன்னபடி கேக்குது" என்றார். விளையாட்டுப் பேச்சுதான். லாயக்காரரும் சிரித்தார். உள்ளே மட்டும் அடுப்பில் போட்ட மிளகாய் போலக் கமறியது. லாடக்காரர் தன் வண்டியில் குமிழி ஓடுகிற ரசமட்டம் கிடக்கிறது, வேண்டுமானால் தரை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கு அவள் பெருமையாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கண்ணு இருக்கறப்போ ரசமட்டம் எதுக்கு?"

அதைக் கேட்டு உருகியிருக்க வேண்டும். ஆனால் நம் ஆள் வேறு கணக்குப் போட்டார்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டுக் கழுவும்போது, பெட்டியை டிராக்டரோடு சேர்த்துத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளில் வலது கையின் மேல் ஒரு கைப்பிடி இருப்பதைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "இது எதுக்குங்க?"

எதற்கா? தொழிலின் உயிரே அதில்தான். அதைச் சுற்றினால் பெட்டியின் வலது பக்கம் தாழும். தாழ்ந்த பக்கம் கூடுதலாகச் சீவும். கூரையடி உயர்ந்தும் வெளி வேலி ஓரம் தாழ்ந்தும் பட்டிக்கு ஒரு வாட்டம் கிடைக்கும். கண்ணுக்கே தெரியாத வாட்டம், மழைத் தண்ணீருக்கு மட்டும் தெரியும். வருஷக்கணக்காக அவர் அந்த வாட்டத்தைக் காப்பாற்றி வந்தார். அதனால்தான் எத்தனை மழைக்கும் அவருடைய பட்டிகள் மதியத்துக்குள் காய்ந்தன.

"அதைத் தொடாத. துருப்பிடிச்சுக் கெடக்கு. திருகினா உடைஞ்சிடும்" என்றார், வாய் கூசாமல்.

"அப்ப தரை எப்படி இருக்கணும்?"

"மட்டமா இருக்கணும். கண்ணாடி மாதிரி."

அவள் தலையாட்டினாள். கண்ணாடி மாதிரி என்றால் கண்ணாடி மாதிரியே செய்தாள். கூரையடி மண்ணை இழுத்து வெளி வேலி ஓரம் கொட்டி, அவர் வருஷக்கணக்காகக் கட்டிய வாட்டத்தைப் பட்டி பட்டியாக அழித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவர் "அப்படித்தான், அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மழை வரட்டும், தண்ணீர் தேங்கட்டும், எல்லாரும் கையைப் பிசையட்டும், அப்போது எழுந்து போய்க் கைப்பிடியைச் சுற்றிக்காட்டுவோம், அவர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று நாலு பேர் சொல்லட்டும். இதுதான் திட்டம். குழந்தைகூட இப்படி யோசிக்காது.

மழை வந்தது, அவர் நினைத்ததைவிடப் பலமாக. விடிந்து பார்த்தால் பட்டி ஒவ்வொன்றும் ஒரு குட்டை. கூரைக்குக் கீழே விரித்திருந்த வைக்கோலும் நனைந்து மிதந்தது. குதிரைகள் காலை மாற்றி மாற்றித் தூக்கி, நிற்க இடமில்லாமல் நின்றன. மனைவி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, மண்வெட்டியால் வேலிக்கடியில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நெற்றியில் சேறு. எழுந்து போய்க் கைப்பிடியைச் சுற்றிக்காட்ட வேண்டிய நேரம் இதுதான். அவளைப் பார்த்த பிறகு அவருக்குக் கால் வரவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டரம்மா வந்தார். மனிதர்களுக்குப் பல் பார்ப்பவர். அவருடைய சாம்பல் நிறக் குதிரைக்குப் போன வருஷம் வேறு இடத்தில் குளம்பு அழுகி, அங்கே வேண்டாம் என்று இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார். ஈரமில்லாத தரை ஒன்றைத்தான் அவர் கேட்டார். இப்போது குதிரை கணுக்கால் தண்ணீரில் நின்றது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இந்த இடத்தில் இப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

"என் தப்புதான் டாக்டரம்மா" என்றாள் மனைவி. "புதுசா ஓட்டறேன். எங்கேயோ கணக்குப் பிசகிடுச்சு."

டாக்டரம்மா லாயக்காரரைப் பார்த்து, நீங்கள் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி குறுக்கே வந்தாள்.

"அவர் மேல ஒண்ணுமில்லீங்க. அவர் ஒழுங்காத்தான் சொன்னார். என் மண்டையிலதான் ஏறல."

பூமி பிளந்து விழுங்காதா என்று தோன்ற வேண்டிய இடம் இது. தோன்றவும் செய்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு. பெரிய மனசு பண்ணுகிறவர் போலக் கையை ஆட்டி, "பரவாயில்ல விடுங்க. புதுசுதானே, போகப் போக பழகிடுவா" என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. செய்யாத தப்புக்கு அவள் மன்னிப்புக் கேட்க, செய்தவன் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளை மன்னிக்கிறான். அவள் வேறு நன்றியோடு ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சோப்பு எவ்வளவோ தேவலை. எலும்பைத்தான் முறித்தது.

ஒரு வாரம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். மனைவி உலர்ந்த வைக்கோல் வாங்கக் கிளம்பினாள்.

உடனே உண்மையைச் சொல்லிவிடுகிற மனிதராக அவர் இருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் கம்பை ஊன்றிக் கொட்டகைக்குப் போய் எண்ணெய்க் குப்பியைத் தேடி எடுத்தார். துரு விட்டுப்போச்சு, எண்ணெய் விட்டுத் திருகினேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், மானமும் தப்பும். முதல் பொய்க்கு ஊன்றுகோலாக இரண்டாவது பொய். குனிய முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, டிராக்டர் சக்கரத்தைப் பிடித்தபடி, கைப்பிடி மேல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார்.

வைக்கோல் இறக்கிவிட்டு அவள் வந்தபோது, "இங்க பாரு, நல்லா ஊற வச்சேன். துரு விட்டுடுச்சு" என்றார். குரல் அவருக்கே இன்னொருவர் குரல் போலக் கேட்டது.

அவள் கிட்டே வந்து, கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டாள். அது வெண்ணெயில் சுற்றியதுபோல் சுற்றியது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் அவரே கிரீஸ் போட்டுப் போட்டு வைத்த கைப்பிடி. எண்ணெய் மேலே வழிந்துகொண்டிருக்க, திருகுகளுக்கு நடுவே அந்தப் பழைய கிரீஸ் கறுப்பாக, கெட்டியாக இருந்தது. அவள் விரலில் எடுத்துப் பார்த்தாள். பெட்டியின் வலது பக்கம் மெல்லத் தாழ்வதைப் பார்த்தாள். பிறகு கொட்டகைக்கு வெளியே, தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதுல துருவே இல்லையே."

அவர் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகி மூடினார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"என் தப்புன்னு அந்தம்மாகிட்ட சொன்னேனே. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க."

"இருந்தேன்" என்றார். கம்பின் மேல் இரண்டு கையையும் வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ நல்லா ஓட்டின. என்னைவிட நல்லா ஓட்டின. அதான்" என்றார்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கூரைக்கு இணையாக ஓட்ட வேண்டும், தாழ்ந்த பக்கம் வெளி வேலியைப் பார்த்திருக்க வேண்டும், ஒரே திசையில் இழுத்துவிட்டுத் திரும்பும்போது பெட்டியைத் தூக்கிவிட வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். கேட்காததையும் சொன்னார்.

மண் கொஞ்சம் உலர்ந்ததும் அவள் முதலில் செய்த காரியம், லாடக்காரரிடம் போய் ரசமட்டத்தை வாங்கி வந்தது. வளையாத நீளப் பலகை ஒன்றையும் எடுத்துக்கொண்டாள்.

பல் டாக்டரம்மாவின் குதிரைப் பட்டியில் தொடங்கினாள். அவர் நாற்காலியிலிருந்து, "இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு விரல் இறங்கணும்" என்றார். அவள் வண்டியை நிறுத்தி இறங்கினாள். பலகையைத் தரையில் போட்டு, ரசமட்டத்தை அதன் மேல் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி. ஏறிப் போய்ச் சீவினாள். அடுத்த மூலையில் மண் கூடிவிட்டது என்றார். மறுபடி நிறுத்தினாள், இறங்கினாள், பலகையைப் போட்டாள். அதுவும் சரி. பட்டி பட்டியாக இப்படியே நடந்தது. அவர் கண் ஓரிடத்திலும் பிசகவில்லை. அவளும் ஓரிடத்திலும் பார்க்காமல் விடவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை. கடைக்காரன் எடை போட்டதை வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்ப்பதுபோல் செய்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெய்த மழையில் தண்ணீர் வேலிக்கடியில் ஓடி மறைந்தது. டாக்டரம்மா வந்து கைக்குட்டையால் குளம்பைத் துடைத்துப் பார்த்துவிட்டு, குதிரை இங்கேயே இருக்கட்டும் என்றார். எல்லாம் இவர் சொல்லிக்கொடுத்ததுதான் என்றாள் மனைவி, வழக்கம்போல. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்ல நினைத்தார். டாக்டரம்மாவுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

கடைசிப் பட்டி பாக்கி இருந்தது. அவள் அதில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்தார். பலகையைக் கக்கத்தில் இடுக்கி, ரசமட்டத்தைப் பையில் போட்டு, கம்பை ஊன்றி, புது மண்ணில் புதையப் புதைய நடந்து போனார். அவள் ஏறி இறங்கிச் சிரமப்பட வேண்டாம் என்று, இடுப்பு விண்ணென்று தெறிக்க, தானே குனிந்து பலகையைப் போட்டு ரசமட்டத்தை வைத்தார்.

"சரியா இருக்கு, நீ இறங்காத" என்று சத்தமாகச் சொன்னார்.

அவள் இன்ஜினை அணைத்தாள். இறங்கி, நிதானமாக நடந்து வந்து, அவருக்குப் பக்கத்தில் குனிந்து குமிழியைப் பார்த்தாள்.

"சரிதான்" என்றாள். திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.